நோ-ரிப்ளை முகவரிக்கு வாடிக்கையாளர் எழுதும் பதில்களை எப்படிப் பிடிப்பது?

புடவைக்கடை:
வணக்கம். சின்ன ஆன்லைன் கடை வைத்திருக்கிறோம். ஆர்டர் உறுதி மெயில் நோ-ரிப்ளை முகவரியிலிருந்து போகிறது. "பதில் அனுப்ப வேண்டாம்" என்று கீழே போட்டும் யார் படிக்கிறார்கள்? வீட்டு முகவரி மாற்றம், ரத்து எல்லாம் அதற்கே எழுதுகிறார்கள். அந்தப் பெயரில் மெயில்பாக்ஸே கிடையாது. அவர்களுக்கு 550 5.1.1 என்று பிழை திரும்புகிறது, எங்களுக்கு எதுவும் தெரிவதில்லை. பார்சல் பழைய வீட்டுக்கே போய்விடுகிறது. ஆட்டோ ரிப்ளை போட்டால் போதுமா?

சர்வர்காரன்:
ஆட்டோ ரிப்ளை வேண்டாம். அந்த முகவரிக்கு ஸ்பேமும் வரும், அதில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி. உங்கள் பதில் சம்பந்தமே இல்லாத யாருக்கோ போகும். அப்படி நிறையப் போனால் உங்கள் சர்வர்தான் கறுப்புப் பட்டியலில் ஏறும். எதிர்ப்பக்கமும் ஆட்டோ ரிப்ளை இருந்தால் இரண்டும் விடிய விடியப் பேசிக்கொண்டிருக்கும்.

ஃப்ரம் (அனுப்புநர் முகவரி) அப்படியே இருக்கட்டும். மெயில் ஹெடரில் (மெயிலின் தலைப்பு விவரங்களில்) ரிப்ளை-டூ சேர்த்து உங்கள் உதவி முகவரியைக் கொடுங்கள். ரிப்ளை அழுத்தினால் அங்கேதான் போகும். சிலர் ஃப்ரம் முகவரியை நகலெடுத்துப் புதிதாக எழுதுவார்கள். அவர்களுக்காக நோ-ரிப்ளையையும் உதவி முகவரிக்கே ஏலியாஸ் (அதே பெட்டிக்கு இன்னொரு பெயர்) ஆக்கிவிடுங்கள்.

புடவைக்கடை:
இரண்டும் செய்தாச்சு, பதில்கள் வருகின்றன. நன்றி சார். ஆனால் "விடுமுறையில் இருக்கிறேன்" மெயில்களும் சேர்ந்து கொட்டுகின்றன. ஒவ்வொன்றுக்கும் உதவி மென்பொருளில் டிக்கெட் (புகார்ப் பதிவு) திறக்கிறது!

சர்வர்காரன்:
அது வரும். 2004இல் வந்த ஆர்எஃப்சி 3834 என்ற இணையத் தர ஆவணம் இதற்காகவே ஆட்டோ-சப்மிட்டட் என்ற ஹெடரைத் தந்தது. உள்ளே வரும் மெயிலில் அது இருந்து, மதிப்பு 'நோ' இல்லையென்றால் டிக்கெட் திறக்காமல் தனி ஃபோல்டருக்குத் தள்ளுங்கள். நீங்கள் அனுப்பும் ஆர்டர் மெயிலிலும் ஆட்டோ-சப்மிட்டட்: ஆட்டோ-ஜெனரேட்டட் என்று போடுங்கள். ஒழுங்கான மென்பொருள் அதற்கு விடுமுறைப் பதில் அனுப்பாது. மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்-ஆட்டோ-ரெஸ்பான்ஸ்-சப்ரஸ் என்று தனியாக ஒன்று உண்டு, அதையும் சேருங்கள். ஒழுங்கில்லாதவை எப்படியும் வரும், கையால்தான் தள்ள வேண்டும்.

புதியவள்:
இடையில் ஒரு சந்தேகம். எங்கள் டெவலப்பர் ஃப்ரம்மில் எங்களுடையதே இல்லாத டொமைனைச் சும்மா போட்டு வைத்திருக்கிறார். பரவாயில்லையா?

சர்வர்காரன்:
இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, டோநாட்ரிப்ளை டாட் காம் என்பது அமெரிக்காவில் ஒரு தனிமனிதர் பதிவு செய்த டொமைன். வங்கிகள் கூட அதை ஃப்ரம்மில் போட்டு அனுப்ப, பதில்களும் பவுன்ஸ்களும் (போய்ச் சேராமல் திரும்பும் மெயில்கள்) அவர் பெட்டியில் குவிந்தன. 2008இல் வாஷிங்டன் போஸ்ட் அதை எழுதியது. உங்கள் வாடிக்கையாளர் விவரமும் அப்படி யார் கைக்காவது போகலாம். அது போக, அந்த டொமைன் பெயரில் அனுப்ப உங்களுக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிமார்க் சோதனைகளில் தோற்று மெயிலே ஸ்பேமில் விழலாம்.

புடவைக்கடை:
கடைசியாக ஒன்று. ஹெடரில் ரிட்டர்ன்-பாத் என்று இருக்கிறதே, அதையும் உதவி முகவரிக்கு மாற்றவா?

சர்வர்காரன்:
அதைத் தொடாதீர்கள். பவுன்ஸ் திரும்பும் இடம் அது. மெயில் அனுப்பித் தரும் சேவை, செத்த முகவரிகளை அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது.