மறு: பேக்சேனலுக்குத் தமிழில் 'உம்கொட்டல்' போதும்

குழுவினருக்கு வணக்கம்.

பேக்சேனல் (backchannel) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்க் கலைச்சொல்லாக 'பின்தடம்', 'ஆமோதிப்பொலி' என்று நம் குழுவில் இதுவரை வந்த இரண்டு பரிந்துரைகளையும் என்னால் ஏற்க முடியவில்லை. 1970-இல் மொழியியலாளர் விக்டர் இங்வே ஆங்கிலத்தில் அந்தப் பெயரை வைத்தபோது, ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்பவரிடமிருந்து எதிர்த்திசையில் சின்னச் சின்ன ஒலிகள் வந்துகொண்டிருப்பதைத்தான் சொன்னார். 'பின்தடம்' என்றால் அது யாருக்கும் புரியாது, ரயில்வே சமாச்சாரம் என்று நினைப்பார்கள். ஆனால் என் பெரிய கவலை 'ஆமோதிப்பொலி' பற்றியது. அந்த ஒலியில் ஆமோதிப்பு இருந்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

நான் பெங்களூரில் தொலைபேசி உரையாடல் பதிவுகளைக் கேட்டு, எழுத்தாக்கி, லேபிள் போடும் வேலையில் இருக்கிறேன். ஒரு பதிவில் விற்பனைப் பையன் "மாசம் 299 ரூபாய்தான் சார்" என்கிறான், எதிர்முனையில் "ம்". "முதல் மாசம் இலவசம்", மறுபடி "ம்". "அப்போ போட்டுடட்டுமா சார்?" என்றதும் ஒரு மூச்சு இடைவெளி, அப்புறம் "இல்லப்பா, வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்". மென்பொருளோ முதல் இரண்டு 'ம்'மையும் சம்மதம் என்று குறித்து வைத்திருந்தது! அவர் சொன்னது 'கேட்டுக்கிட்டு இருக்கேன், மேல சொல்லு' என்பது மட்டும்தான். கலைச்சொல்லிலேயே ஆமோதிப்பை ஏற்றிவிட்டால், லேபிள் போடுகிறவரும் இதே தவறைத்தான் செய்வார்.

மொழி மாறினால் இது இன்னும் சிக்கலாகிறது. நாம் 'ம்ஹூம்' என்றால் மறுப்பு, ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட அதே ஒலிதான் ஒப்புதல். 'நே' என்பது கொரிய மொழியிலும் கிரேக்கத்திலும் ஆம், பல்கேரியனில் இல்லை. நாக்கை முன்பல்லில் ஒட்டி எடுக்கும் 'ச்சு' நமக்குப் பரிதாபம், துருக்கியில் அதுவே 'இல்லை' என்ற பதில். ஜப்பானிய 'ஹாய்'க்கு அகராதியில் 'ஆம்' என்று இருந்தாலும் பல நேரங்களில் 'காதில் விழுகிறது' என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

சரி, அப்படியானால் எந்தச் சொல்? கதை கேட்கிற பிள்ளையிடம் பாட்டி "உம் கொட்டு" என்பாளே, அதேதான். உம் கொட்டச் சொல்வது கதையை ஒத்துக்கொள்ளச் சொல்வது இல்லை, தூங்காமல் கேட்கிறாயா என்று பார்த்துக்கொள்வது. பேக்சேனலின் இலக்கணமே இதுதான். தெலுங்கில் 'ஊ கொட்டு' அப்படியே இருக்கிறது, கன்னடத்தில் 'ஹூங்குட்டு'. இந்தியில்கூட கதை கேட்பவர் 'ஹுங்காரா' தர வேண்டும் என்பார்கள். ஜப்பானியர் 'ஐசுச்சி' என்கிறார்கள், இரண்டு கொல்லர்கள் மாற்றி மாற்றிச் சம்மட்டி அடிப்பதிலிருந்து வந்த சொல் அது. அங்கேயும் கொட்டுதான் என்பதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

இன்னொரு வசதி, 'கொட்டு' நம்மிடம் ஒரு குடும்பமாகவே இருக்கிறது. உம் கொட்டுவது, உச்சுக் கொட்டுவது, சப்புக் கொட்டுவது என்று வாயில் எழும் ஒலிகளுக்கு எல்லாம் இதே வினைதான். ஆகவே அந்த 'ச்சு' லேபிளுக்கு 'உச்சுக்கொட்டல்' என்று தனியாக வைத்துக்கொள்ளலாம், புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை.

'உம்' என்றதும் உம்மைத்தொகை நினைவுக்கு வந்து குழப்பும் என்ற ஆட்சேபம் நியாயமானதுதான். ஆனால் இலக்கணக்காரர்கள் அதை 'உம்மை' என்றே எழுதுகிறார்கள், பின்னால் 'கொட்டல்' ஒட்டி வரும்போது யாரும் தடுமாறப் போவதில்லை. ஒரே இடைச்சொல்லுக்குப் பல பொருள் இருப்பதும் நமக்குப் பழகியதுதானே? ஓகாரத்துக்குத் தொல்காப்பியம் ஆறு பொருள் சொல்கிறது, நன்னூல் எட்டு.

வினை 'உம்கொட்டு', பெயர் 'உம்கொட்டல்', இரண்டையும் சேர்த்தே எழுதலாம் என்பது என் கருத்து. 'உம்கொட்டி' கேலிபோல ஒலிப்பதால் ஆளைக் குறிக்கக் 'கேட்பவர்' போதும். கலைச்சொல் பட்டியலில் ஏற்றும் முன், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இதை எப்படிச் சொல்வார்கள் என்று இலங்கை நண்பர்கள் யாராவது எழுதுங்களேன்.