சிகிச்சைக்கு வர மறுக்கும் மகள்: அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

என் 16 வயது மகளுக்குப் புலிமியா என்னும் உணவுண்ணல் கோளாறு (அளவுமீறிச் சாப்பிட்டுவிட்டு, எடை கூடாதிருக்க வலிந்து வாந்தியெடுப்பது போன்றவற்றைச் செய்வது) இருப்பதாக மனநல மருத்துவர் சென்ற மாதம் உறுதி செய்தார். ஆனால் அவள் சிகிச்சைக்கு வர மறுக்கிறாள்.

ஏழு மாதங்களாகவே, சாப்பிட்டு எழுந்ததும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவதையும், வலக்கை விரல் மூட்டுகளில் பல் பட்ட தழும்புகள் இருப்பதையும், காதோரம் கன்னம் வீங்கியிருப்பதையும் கவனித்துவந்தேன். எடை குறையவில்லை என்பதால் முதலில் பார்த்த மருத்துவர் பொருட்படுத்தவில்லை (புலிமியாவில் எடை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும் என்பது பின்னர்தான் தெரிந்தது). பற்களின் உட்புற எனாமல் கரைந்திருப்பதைக் கண்டு சந்தேகத்தை எழுப்பியவர் பல் மருத்துவரே. இரத்தத்தில் 3.5க்குக் குறையாமல் இருக்க வேண்டிய பொட்டாசியம் 3.1 ஆக இருந்தது. இது இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும் என்பதால், மாத்திரை கொடுத்து, இசிஜி எடுத்துக் கண்காணிக்கிறார்கள்.

கெஞ்சினேன், கண்டித்தேன், குளியலறைத் தாழ்ப்பாளையும் கழற்றினேன். அது என் பெரிய தவறு, அதன்பின் அவள் ஒளிப்பது கூடியதே தவிரக் குறையவில்லை. கலோரி அட்டவணையும் நிலைமையை மோசமாக்கியது. சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் அவளோடு அமர்ந்து சீட்டாடுவது மட்டும் ஓரளவு பலன் தருகிறது. குடும்பத்தையும் சேர்த்து நடத்தும் சிகிச்சையை மருத்துவர் பரிந்துரைத்திருக்கிறார்.

இப்படி மறுத்த பிள்ளையை முதல் அமர்வுக்கு வரச் சம்மதிக்கவைத்தவர்கள், என்ன சொல்லி அழைத்துச் சென்றீர்கள்?