நார்வேப் பெண் எழுத்தாளர்கள்: வாசிப்பை உன்செட்டில் தொடங்குவது சரியா?

கயல்விழி எழுதியது:

நார்வே இலக்கியம் என்றதும் தமிழ் வாசகருக்கு இப்சன் நினைவுக்கு வருவார். க.நா.சு. மொழிபெயர்த்த 'நிலவளம்' வழியாக ஹாம்சன் வருவார். பெண்களில் யார் என்று கேட்டால் 1928இல் நோபல் பெற்ற சிக்ரிட் உன்செட் என்று சொல்லி, இடைக்கால நார்வேயில் நடக்கும் 'கிறிஸ்டின் லாவ்ரன்ஸ்டாட்டர்' நாவலின் மூன்று பாகங்களையும் கையில் கொடுத்துவிடுகிறோம். அது தவறான வாசல் என்பது என் வாதம். உன்செட் எழுத வந்தபோது அவருக்கு முன்பே இரண்டு பெண்கள் நிலத்தை உழுது வைத்திருந்தார்கள்.

முதலாமவர் கமில்லா கோலெட். 1813இல் பிறந்தவர், கவிஞர் ஹென்ரிக் வெர்கெலானின் தங்கை. அண்ணனின் இலக்கிய எதிரியான வெல்ஹாவெனைக் காதலித்தார், அது கைகூடவில்லை. 1851இல் கணவர் இறந்தார். நான்கு பிள்ளைகளும் கடனும் மிஞ்சிய நிலையில் 1854-55இல் 'மாவட்ட ஆளுநரின் மகள்கள்' நாவலைப் பெயர் போடாமல் இரண்டு பகுதிகளாக வெளியிட்டார். அதே 1854இல்தான் நார்வேயில் மகளுக்கும் மகனுக்கும் சம வாரிசுரிமை தந்த சட்டம் வந்தது. ஆனால் திருமணமான பெண் சட்டத்தின் கண்ணில் முழு வயது அடைந்தவளாக 1888 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சொத்தில் பங்கு உண்டு, யாரை விரும்புவது என்பதில் குரல் கிடையாது. அந்த இடைவெளியில்தான் நாவல் நிற்கிறது.

இரண்டாமவர் பெர்கன் நகரத்து அமாலி ஸ்க்ராம். 1846இல் பிறந்து, 18 வயதில் ஒரு கப்பல் தலைவருக்கு வாழ்க்கைப்பட்டவர். அவருடைய 'கொன்ஸ்டான்ஸ் ரிங்' 1885இல் வந்தது. கோலெட் திருமணம் வரை வந்து நிறுத்திய கேள்வியை ஸ்க்ராம் படுக்கையறைக்குள் கொண்டுபோனார். கோபன்ஹேகனின் கில்டெண்டால் பதிப்பகம் அதை வெளியிட மறுத்தது. இந்த இருவரையும் படிக்காமல் உன்செட்டை எடுத்தால், அவர் யாரோடு வாதாடுகிறார் என்பதே தெரியாது.

மாறன் எழுதியது:

வரலாற்று வரிசையும் வாசிப்பு வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, கயல்விழி. கம்பனைப் படிக்கச் சங்கப் பாடல் முழுவதையும் முடித்துவிட்டு வா என்று யாரும் சொல்வதில்லை.

உன்செட்டின் பலத்தை நீங்கள் நோபல் பரிசுக்குள் அடக்கிவிட்டீர்கள். அவருடைய தந்தை இங்வால்ட் தொல்லியல் அறிஞர், 1893இல் இறந்தார். அப்போது சிக்ரிட்டுக்கு 11 வயது. 16 வயதில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து பத்தாண்டு வேலை பார்த்தார், இரவில் எழுதினார். இடைக்காலக் கதை ஒன்றை முதலில் அனுப்பியபோது பதிப்பகம் திருப்பி அனுப்பியது. அதன் பிறகு சமகாலத்துக்கு வந்து 1907இல் 'திருமதி மார்த்தா ஊலி' எழுதினார். கணவனுக்குத் துரோகம் செய்துவிட்டேன் என்று மனைவியே ஒப்புக்கொள்வதுதான் அதன் முதல் வரி. 1920 முதல் 1922 வரை, ஆண்டுக்கு ஒரு பாகமாக, கிறிஸ்டினை முடித்தார்.

அந்த நாவல் என்ன செய்கிறது என்று பாருங்கள். முதல் பாகம் கிறிஸ்டினின் திருமணத்தோடு முடிவதில்லை. அன்று இரவு அவளுடைய பெற்றோர் லாவ்ரன்ஸும் ரங்ஃப்ரிட்டும் பேசிக்கொள்வதில் முடிகிறது. தாய் தன் இளமையின் ரகசியத்தை அப்போதுதான் கணவனிடம் சொல்கிறாள். மகளின் கதை என்று நாம் படித்துவந்தது சட்டென்று இரண்டு தலைமுறையின் கதையாகிவிடுகிறது. ஸ்க்ராமிடம் இப்படி ஒரு கட்டுமானம் உண்டா? 'கொன்ஸ்டான்ஸ் ரிங்'கில் முதல் கணவன் வேலைக்காரப் பெண்ணோடு, இரண்டாம் கணவனுக்கும் பழைய கதை ஒன்று, காதலனும் அதே வார்ப்பு. மூன்று ஆண்களும் ஒரே அச்சு. அடுத்து என்ன நடக்கும் என்று பாதியிலேயே தெரிந்துவிடுகிறது.

கயல்விழி எழுதியது:

மூன்று ஆண்களும் ஒரே மாதிரி இருப்பதுதான் நாவலின் வாதமே, மாறன் அண்ணா. கெட்ட கணவன் ஒருவனிடம் சிக்கியவள் என்றால் அது துரதிர்ஷ்டம். நல்லவன், பண்பானவன் என்று பெயரெடுத்தவனிடமும் அதே கதை என்றால் அது ஏற்பாடு. 1880களில் நார்வேயில் நடந்த ஒழுக்க விவாதத்தை மறக்காதீர்கள். திருமணத்துக்கு முன் ஆணும் கற்போடு இருக்க வேண்டும் என்ற கோரிக்கையை பியோர்ன்சன் 1883இல் 'ஒரு கையுறை' நாடகத்தில் மேடையேற்றினார். எதிர்ப்பக்கம் கட்டற்ற காதலை ஆதரித்த ஹான்ஸ் யேகரின் போஹீமிய நாவல் 1885இல் பறிமுதல் ஆனது. இரண்டு தரப்பும் ஆண்கள். அந்தச் சண்டைக்கு நடுவே, இதன் விலையை உடம்பால் கொடுக்கிறவள் யார் என்று எழுதியவர் ஸ்க்ராம்.

கட்டுமானம் கேட்டீர்கள். 'ஹெல்லெமிர் மக்கள்' நான்கு பாகம்: 'ஷூர் காப்ரியேல்', 'இரு நண்பர்கள்' இரண்டும் 1887இல், 'எஸ். ஜி. மிரே' 1890இல், 'சந்ததி' 1898இல். பெர்கனுக்கு வெளியே பாறை நிலத்தில் கஞ்சிக்கு அல்லாடும் ஷூரில் தொடங்குகிறது. மனைவி ஊலினே குடிக்கிறாள், அவன் அவளை அடிக்கிறான். ஆசையாக வளர்த்த சின்ன மகன் இறந்ததும் அவனும் குடிக்கு விழுகிறான். பேரன் சிவெர்ட் கப்பலேறி ஊரைவிட்டுப் போகிறான், ஆனால் குடிகாரக் கிழவியின் பேரன் என்ற அவப்பெயர் துறைமுகத்தில் அவனுக்காகக் காத்திருக்கிறது. வறுமையைவிட வெட்கம் அதிகம் அழிக்கிறது என்பதை இவ்வளவு பொறுமையாக எழுதியவர் அந்தக் காலத்து ஸ்காண்டிநேவியாவில் வேறு யார்?

உன்செட்டிடம் எனக்குள்ள மனக்குறை வேறு. 1919இல் 'ஒரு பெண்ணின் பார்வை' என்ற கட்டுரைத் தொகுப்பில் அவர் பெண் விடுதலை இயக்கத்தை எதிர்த்தார், தாய்மையே முதன்மை என்றார். அடுத்த ஆண்டு கிறிஸ்டின் வருகிறாள். விரும்பியவனை மணந்த பெண் ஆயிரம் பக்கம் தவம் செய்து கடைசியில் கன்னியர் மடத்தில் கொள்ளைநோயில் சாகிறாள். இது கத்தோலிக்கப் பாடம்.

மாறன் எழுதியது:

காலவரிசையைச் சரியாக வைத்துக்கொள்வோம். மூன்றாம் பாகம் வந்தது 1922இல். உன்செட் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தது 1924 நவம்பரில். மதம் மாறியவர் பாடம் நடத்த எழுதிய நூல் என்பது பொருந்தாது. எழுதியபடியே அவர் அந்தத் திசையில் நகர்ந்தார் என்று சொல்லுங்கள், ஏற்கிறேன்.

கிறிஸ்டினின் பாவம் காதல் இல்லை. தந்தை நிச்சயித்த சீமோனை விட்டு எர்லெண்டைத் தேர்ந்ததற்கு அவள் கடைசிவரை முழுமையாக வருந்துவதே இல்லை. அவளை அரிப்பது பிறரை மன்னிக்க மறுக்கும் தன் பிடிவாதம். எர்லெண்ட் மன்னருக்கு எதிரான சதியில் மாட்டி, சித்திரவதைப்பட்டு, ஹூசபி நிலங்களை இழக்கிறான். அதற்குப் பிறகும் பழையதைச் சொல்லிச் சொல்லிக் குத்துகிறாள். பெண்ணுக்குக் குணக்குறை கொடுத்து, அந்தக் குறையோடே அவளைப் பெரியவளாக்கியது உன்செட். ஸ்க்ராமின் நாயகிகள் நொறுக்கப்படுகிறார்கள்; கிறிஸ்டின் பிறரையும் நொறுக்குகிறாள்.

வாசிக்கப் போகிறவர்களுக்கு ஒரு நடைமுறை விஷயம். ஆங்கிலத்தில் இரண்டு மொழிபெயர்ப்புகள் சந்தையில் சுற்றுகின்றன. 1920களில் சார்லஸ் ஆர்ச்சரும் ஜே. எஸ். ஸ்காட்டும் செய்தது ஒன்று. உன்செட்டின் நார்வேஜிய மொழி நேரானது, தெளிவானது. இவர்கள் அதற்குப் பழங்கால ஆங்கிலச் சாயம் பூசினார்கள், உடலுறவு பற்றிய சில பகுதிகளையும் வெட்டினார்கள். பலர் ஐம்பது பக்கத்தில் மூடிவைப்பதற்கு இதுதான் காரணம். டீனா நன்னலி 1997 முதல் 2000 வரை செய்தது முழுமையானது. அட்டையைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்: முதல் பாகம் 'தி பிரைடல் ரீத்' என்றிருந்தால் பழையது, 'தி ரீத்' என்று மட்டும் இருந்தால் நன்னலி. இரண்டாம் பாகம் 'தி மிஸ்ட்ரஸ் ஆஃப் ஹூசபி' என்றால் பழையது, 'தி வைஃப்' என்றால் புதியது. மூன்றாம் பாகம் இரண்டிலும் 'தி கிராஸ்'தான், அதற்கு மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொன்று பெயர்கள். லாவ்ரன்ஸ்டாட்டர் குடும்பப் பெயர் இல்லை, லாவ்ரன்ஸின் மகள் என்றுதான் பொருள். நம் ஊர்த் தலைப்பெழுத்து முறை தெரிந்தவர்களுக்கு இது சிரமமே இல்லை. கிறிஸ்டினின் ஏழு மகன்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: நோக்வே, பியோர்குல்ஃப், கௌதே, இரட்டையர் இவாரும் ஸ்கூலேயும், லாவ்ரன்ஸ், முனான். மூன்றாம் பாகத்தில் இவர்களைக் குழப்பிக்கொண்டால் கதையின் சொத்துச் சிக்கல் முழுவதும் மங்கிவிடும்.

ஆழிமுத்து எழுதியது:

இருவரும் கோலெட்டை முன்னுரையாக்கிவிட்டு நகர்கிறீர்கள். இப்சன், பியோர்ன்சன், யோனாஸ் லீ, ஷீலான் நால்வரையும் 'நான்கு பெரியவர்கள்' என்று நார்வே கொண்டாடுகிறது. அந்த நால்வரில் இப்சனே 1889இல் கோலெட்டுக்கு எழுதிய கடிதத்தில், அவருடைய சிந்தனை தன் படைப்புக்குள் நுழைந்து பல ஆண்டுகளாகிறது என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். கடன் வாங்கியவர் பட்டியலில் இருக்கிறார், கொடுத்தவர் அதற்கு வெளியே நிற்கிறார்.

லாவ்ரா ஷீலரின் கதை இன்னும் கொடியது. 1869இல் 'பிராண்டின் மகள்கள்' எழுதிய இளம் எழுத்தாளர் அவர். காசநோய்க் கணவனைத் தெற்கே அழைத்துப்போக, அவனுக்குத் தெரியாமல் கடன் வாங்கினார். கடனை அடைக்க ஒரு கையெழுத்துப் படியை இப்சனுக்கு அனுப்பிப் பரிந்துரை கேட்டார், இப்சன் மறுத்தார். விஷயம் வெளிப்பட்டதும் கணவன் அவரை மனநோய் விடுதியில் சேர்த்தான். 1879இல் இந்தக் கதையை ஒட்டி இப்சன் எழுதிய 'பொம்மை வீடு' நாடகம் வந்தது. அதன் நாயகி நோரா கதவைச் சாத்திவிட்டு வெளியேறினாள். லாவ்ராவுக்கு அந்தக் கதவு கிடைக்கவில்லை; ஊரெல்லாம் நோரா என்று கூப்பிடும் பெயர் மட்டும் கிடைத்தது.

ஸ்க்ராமைப் பற்றியும் ஒரு கேள்வி. 1884இல் டேனிஷ் எழுத்தாளர் எரிக் ஸ்க்ராமை மணந்து கோபன்ஹேகனில் குடியேறி, முக்கிய நாவல்கள் எல்லாவற்றையும் அங்கிருந்தே எழுதியவர். தன் அஸ்திக் கலசத்தில் டேனிஷ் எழுத்தாளர் என்றே பொறிக்கச் சொன்னவர். அவரை நார்வேக் கணக்கில் எழுதுவது அவர் விருப்பத்துக்கு மாறானது இல்லையா?

கயல்விழி எழுதியது:

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் நார்வே அவருக்குச் செய்த அவமதிப்பு. அந்தக் கோபத்தை மதிக்கிறேன். ஆனால் கப்பல்துறை, மீன் அங்காடி, பெர்கன் மழை, அந்த ஊர்ப் பேச்சு இவற்றை எடுத்துவிட்டால் 'ஹெல்லெமிர் மக்கள்' இல்லை. மொழிபெயர்ப்பில் முதலில் உதிர்வதும் அந்தப் பேச்சுவழக்குதான். மூலத்தில் ஷூர் பேசும் மொழியும் கதை சொல்லும் மொழியும் வேறு வேறு. அந்த இடைவெளி தட்டையானால் ஷூர் வெறும் முரடனாகத் தெரிவான்.

அதனால் ஸ்க்ராமுக்குப் புதியவர்கள் 1895இன் இரண்டு மருத்துவமனை நாவல்களில் தொடங்கட்டும்: 'பேராசிரியர் ஹியரோனிமஸ்', 'புனித யோர்கனில்'. ஓவியர் எல்செ கான்ட் தூக்கமின்றித் தவித்து, ஓய்வு தேடித் தானாகவே மருத்துவமனைக்குப் போகிறாள். போனபின் வெளியே வர முடியவில்லை. 1894இல் ஸ்க்ராமுக்கே கோபன்ஹேகனில் நேர்ந்தது இது. தலைமை மருத்துவரிடம் எதிர்த்துப் பேசினால் அதுவே நோயின் அறிகுறி, பேசாமல் இருந்தாலும் அறிகுறி. பேச்சுவழக்கு குறைவு என்பதால் மொழிபெயர்ப்பில் பெரிதாகச் சேதமில்லை. ஆங்கிலத்தில் ஹான்சனும் மெஸ்ஸிக்கும் இரண்டையும் 1992இல் ஒரே நூலாகக் கொண்டுவந்தார்கள்.

செண்பகம் எழுதியது:

19ஆம் நூற்றாண்டில்தான் எல்லாம் பிறந்தது போலப் பேசுகிறீர்கள். அதே பெர்கனில் தொரத்தே எங்கெல்பிரெட்ஸ்டாட்டர் 1678இலேயே 'ஆன்மாவின் பாடற்பலி' என்ற பக்திப் பாடல் தொகுப்பை அச்சேற்றினார். அது பரவலாக விற்றது, திருட்டுப் பதிப்புகள் வந்தன, அச்சுரிமைக்காக அரசரிடம் போய் உரிமையும் வாங்கினார். ஒன்பது பிள்ளைகளில் பெரும்பாலோரைப் பறிகொடுத்தவர், 1702 தீயில் வீட்டையும் இழந்தார். பாட்டெழுதிப் பெயரும் வருமானமும் பெற்ற பெண் அங்கே 17ஆம் நூற்றாண்டிலேயே இருந்தார். பிறகு கோலெட் பெயரை மறைத்து எழுத வேண்டி வந்தது என்றால், நடுவில் நிலைமை பின்னோக்கிப் போயிருக்கிறது. பெண் பக்தி எழுதினால் அனுமதி, குடும்பத்தை எழுதினால் அவதூறு.

உன்செட்டா ஸ்க்ராமா என்ற கேள்விக்கு என் பதில் கோரா சாண்டெல். சாரா ஃபாப்ரிஷியஸ் என்பவரின் புனைபெயர் அது. 1880இல் பிறந்து, வடக்கே த்ரோம்சோவில் வளர்ந்து, ஓவியராகப் பாரிசில் பதினைந்து ஆண்டுகள் இருந்தவர். முதல் நாவல் வரும்போது வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. 'அல்பெர்த்தேயும் யாக்கோபும்' 1926, 'அல்பெர்த்தேயும் சுதந்திரமும்' 1931, 'அல்பெர்த்தே மட்டும்' 1939. இங்கே கொள்ளைநோயும் இல்லை, சதியும் இல்லை. எப்போதும் குளிரில் நடுங்கும் ஒரு பெண், அம்மா கண்ணில் படாமல் இன்னொரு வாய் சூடான காப்பி குடிக்கப் பார்க்கிறாள். அந்த ஒரு வாய்க்குள் வீட்டு வரவுசெலவு, தாயின் ஏமாற்றம், மகளின் அவமானம் எல்லாம் இருக்கிறது.

மாறன் எழுதியது:

சாண்டெல் அருமையானவர், மறுக்கவில்லை, செண்பகம் அம்மா. ஆனால் ஒரு சமுதாயம் முழுவதையும், நிலவுரிமை, உறவுமுறை, திருச்சபை, அரசியல் என்று, ஒரு பெண்ணின் வாழ்க்கைக்குள் வைத்துக் காட்டிய விரிவு அவரிடம் இல்லை. அந்த விரிவைத் தேடி வரும் வாசகருக்கு முதல் நூல் கிறிஸ்டின்தான். அது கனமாகத் தோன்றினால் 1911இன் 'யென்னி'யை எடுக்கட்டும்: ரோமில் ஓவியம் பழகும் நார்வேப் பெண், காதலனின் தந்தையோடு உறவு, குழந்தையின் மரணம். கயல்விழி கேட்கும் கூர்மை அதில் இருக்கிறது, எழுதியவரும் உன்செட்தான்.

செண்பகம் எழுதியது:

விரிவு வேண்டுவோர் அங்கே போகட்டும். சாண்டெலை எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எலிசபெத் ரொக்கனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் மூன்றும் கிடைக்கும். பாரிஸ் என்ற கவர்ச்சியில் இரண்டாம் பாகத்தில் தொடங்காதீர்கள். பாரிசில் அல்பெர்த்தே பட்டினி கிடந்தபடி தாள்களில் கிறுக்கிப் பெட்டியில் போட்டுவைக்கிறாள். அது ஏன் அவளுக்குச் சுதந்திரமாகப் படுகிறது என்பது முதல் பாகத்தின் அந்தக் குளிர் வீட்டைப் படித்தவர்களுக்கே புரியும். மூன்றாம் பாகத்தின் முடிவில் குழந்தையை விட்டுவிட்டுக் கையெழுத்துப் படியோடு அவள் கிளம்புகிறாள். அதைச் சரியென்றோ தவறென்றோ சாண்டெல் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. மூன்றையும் வரிசையாகப் படித்துவிட்டு வாருங்கள், அந்த முடிவைப் பற்றி மாறனிடமும் கயல்விழியிடமும் எனக்குக் கேட்க நிறைய இருக்கிறது.