புதுப்பிப்பு: தமிழ்லயே பேசிட்டேன்

ஓப்பன் சோர்ஸ் (கோட யார் வேணா பாத்து மாத்தலாம்ங்கிற சாஃப்ட்வேர்) மாநாட்ல பேச வேண்டியிருக்கு, தமிழ்ல பேசவா இங்கிலீஷ்லயான்னு போன வாரம் இங்க புலம்பினேன்ல, தமிழ்லயே முடிச்சாச்சு. கிண்டி மெட்ரோல இறங்கி வேர்த்து விறுவிறுத்து போய் ஹால் கம்ப்யூட்டர்ல ஸ்லைட போட்டா எல்லாம் கட்டம் கட்டமா தெரியுது, தமிழ் ஃபான்ட்டே இல்ல!! சரின்னு அதையே டெமோ ஆக்கிட்டேன். "தமிழ்" நம்ம கண்ணுக்கு 3 எழுத்து, யூனிகோட்ல (எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுக்குற முறை) புள்ளியும் தனியா எண்ணி 5 குறியீடு, அத கம்ப்யூட்டர்ல சேமிக்கிற யூடிஎஃப்-8 முறைல 15 பைட்டுன்னு சொன்னதும் பின் வரிசைல ஒரு தம்பி, "அண்ணா, அப்ப கோட்ல இந்த வார்த்தைய கடைசிலேந்து திருப்பிப் போட்டா புள்ளி முதல்ல வந்துருமே"ன்னான். கரெக்டா புடிச்சுட்டான். மதியம் சாம்பார் சாதத்தோட நின்னா அதே தம்பி லேப்டாப்ப நீட்டி முதல் பேட்ச் (கோட்ல செஞ்ச திருத்தம்) எப்படி அனுப்புறதுன்னு கேக்குறான், சாதம் ஆறிப்போச்சு, பேட்ச் போயிருச்சு.