சுட்ட பித்தளைத் தோட்டா உறைகளைக் கழுவுவது எப்படி?

கேள்வி: டெக்சாஸில் சுடுகளத்தில் பொறுக்கிய .308 (ஒரு ரைஃபிள் தோட்டா அளவு) தோட்டா உறைகள் கரியேறிக் கிடக்கின்றன. வெடிமருந்தை மறுபடி நிரப்புவதற்கு முன் அமோனியா கலந்த பாலிஷ் போடலாமா?

பதில் 1: வேண்டாம். சுமார் 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் சேர்ந்த இந்தப் பித்தளையை அமோனியா விரிசல் விடச் செய்யும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக்கள், குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவால் அப்படித்தான் கெட்டன.

பதில் 2: வெந்நீரில் சிறிது சிட்ரிக் அமிலமும் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பும் கலந்து, பத்து நிமிடம் ஊறவைத்து அலசுகிறேன். ஒருமுறை இரவு முழுதும் மறந்துவிட்டதில், துத்தநாகம் கரைந்து, உறைகள் இளஞ்சிவப்பாகிக் குப்பைக்குப் போயின.

பதில் 3: ப்ரைமரின் (உறையின் அடியில் இருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு கிண்ணம்) ஈயத்தூசு பறக்காதிருக்க ஈரமுறையே மேல்; கையுறை அவசியம். ப்ரைமர் குழியில் ஈரம் தங்குமென்பதால், நன்றாக உலர்ந்த பின்பே வெடிமருந்து நிரப்புங்கள்.