வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் நோயாளிகள்: கண்காணிப்பும் ஆக்சிஜன் கணக்கும்

கேள்வி:
அவசரப் பிரிவில் படுக்கை நிரம்பி, வராந்தாவில் எட்டுப் பத்து ஸ்ட்ரெச்சர் நிற்கிறது. மானிட்டர் இரண்டுதான். யாரை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பது? சிலிண்டர் நடுவில் தீர்ந்துபோகாமல் எப்படிக் கணக்கு வைப்பது?

பதில் 1:
வந்தபோது போட்ட ட்ரையாஜ் நிறம் (யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கும் அடையாளம்) அந்த நேரத்து நிலைமைதான், அதை நம்பி இருந்துவிடாதீர்கள். நியூஸ் 2 (NEWS2) மதிப்பெண் போடுங்கள்; மூச்சு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடி, நினைவு, காய்ச்சல் போன்ற ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டுவது அது, கூடக் கூட ஆபத்து. மொத்தம் 1 முதல் 4 வரை என்றால் 4-6 மணி நேரத்துக்கு ஒருமுறை. 5, 6 வந்தாலோ, ஏதாவது ஒன்றில் மட்டும் 3 வந்தாலோ, குறைந்தது மணிக்கு ஒருமுறை. 7-ஐத் தொட்டால் மானிட்டர் அவருக்குத்தான். மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். கூட்டத்தில் எண்ணாமலே 18, 20 என்று எழுதப்படுவது இதுதான். நிலை மோசமாவது பெரும்பாலும் முதலில் தெரிவதும் இதில்தான்.

பதில் 2:
சிலிண்டர் கணக்கு சுலபம். சிலிண்டரின் நீர்க் கொள்ளளவை (உள்ளே எத்தனை லிட்டர் நீர் பிடிக்கும் என்பது) மீட்டர் காட்டும் அழுத்தத்தால் (பார் அளவில்) பெருக்கினால், மிச்சமுள்ள ஆக்சிஜன் எத்தனை லிட்டர் என்று வரும். 5 லிட்டர் சிலிண்டரில் 100 பார் இருந்தால் 500 லிட்டர்; நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் 50 நிமிடம். அது முழுசாகத் தீரும் நேரம். 35-வது நிமிடமே மாற்றிவிடுங்கள். மாற்ற வேண்டிய நேரத்தைப் பிளாஸ்டரில் எழுதிச் சிலிண்டர் மேலேயே ஒட்டுங்கள், ஷிப்ட் மாறும்போது அதுதான் கைகொடுக்கும். சிலிண்டரை மெத்தை மேல் படுக்க வைக்காதீர்கள், ஸ்டாண்டில் மாட்டுங்கள்.

பதில் 3:
இன்னொன்று. ஸ்ட்ரெச்சர் இடம் மாறிக்கொண்டே இருக்கும். "சுவரோரம் மூணாவது ஆள்" என்று சொல்லி ஊசி போட்டால் ஆள் மாறிவிடும். ஒவ்வொரு முறையும் கைப்பட்டையில் பெயர், பதிவு எண் இரண்டையும் பாருங்கள்.