சந்திரபாபு: சோகக் கதையைத் தள்ளி வைத்தால் மேடையில் என்ன சொல்வது?

கடலோரத்தான் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் தூத்துக்குடி. பனிமய மாதா கோயில் திருவிழா முடிஞ்ச மறுவாரம், எங்க தெருப் பசங்க சேர்ந்து, பழைய படங்கள்ல சிரிக்க வச்சுப் பாடவும் செஞ்ச நடிகர் ஜே.பி. சந்திரபாபுவுக்காக ஒரு பாட்டு நிகழ்ச்சி வைக்கிறோம். 1927 ஆகஸ்ட்ல எங்க ஊர்ல பிறந்தவர். சொந்தப் பேரே பனிமயதாஸ்தான், மாதாவுக்கு அடிமைன்னு அர்த்தம்.

ரெண்டு பாட்டு பாடி, அஞ்சு நிமிசம் பேசச் சொல்லியிருக்காங்க. பாட்டு முடிவாயிருச்சு. "குங்குமப் பூவே" சித்தி மகளோட, "புத்தியுள்ள மனிதரெல்லாம்" தனியா. பேச்சுதான் வரல. எங்க தேடினாலும் ஒரே கதை: ஜெமினி ஸ்டூடியோல விஷம் குடிச்சது, கல்யாணம் நிலைக்காதது, கட்டின வீடு போனது, குடி, 46 வயசுல சாவு. அதையே எழுதி ஆச்சிகிட்ட வாசிச்சுக் காட்டினேன். பாக்கு இடிக்கதை நிறுத்திட்டு, "எல, அவன் அழுததைச் சொல்லவா பந்தல் போடுதிய?"ன்னு கேட்டா. மறுபடி இடிக்க ஆரம்பிச்சுட்டா. எழுதின தாளைக் கிழிச்சுட்டேன்.

அவர் கலையில இன்னைக்கும் உயிரோட இருக்கது என்ன? மேடையில பாடினவங்க, அந்தப் படங்களைப் பார்த்தவங்க சொல்லுங்க. இன்னொண்ணு, அவர் குரலை ஒடைச்சுத் தூக்குவாரே, அது எனக்கு வரவே மாட்டேங்கு.

பழைய மேடை எழுதியது:

தம்பி, உங்க ஆச்சி சரியான கேள்வி கேட்டிருக்காங்க. நான் திருச்சி. 1978ல இருந்து முப்பது வருஷம் மெல்லிசைக் குழுவுல பாடினவன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டு விழா எல்லாத்துலயும் என் பங்கு சந்திரபாபு பாட்டுதான். டி.எம்.எஸ். பாட எங்ககிட்ட ரெண்டு பேர் இருந்தாங்க. எனக்கு மெல்லிசான குரல். குழுத் தலைவர் கேட்டுட்டு, "நீ பாபு பாடு" அப்படின்னார். அன்னைக்கு அதைச் சின்ன வேலைன்னு நினைச்சேன்.

முதல் கச்சேரி லால்குடி பக்கம் ஒரு கிராமம். "உனக்காக எல்லாம் உனக்காக" பாடினேன். பாடினேன்னு சொல்றதைவிட ஆடினேன்னு சொல்லணும். விழுந்து, எழுந்து, மைக் ஸ்டாண்டைக் கட்டிப் பிடிச்சு எல்லாம் பண்ணினேன். நல்லாச் சிரிச்சாங்க. முடிச்சுட்டு இறங்கினப்போ ஒரு பெரியவர் என் கையைப் பிடிச்சு, "அவரு எப்படி ஆடினாலும் சுருதி அசையாதுய்யா. உனக்கு அசைஞ்சுபோச்சு" அப்படின்னார். ராத்திரி பூரா தூக்கம் இல்லை.

மறுநாள் ஒலிநாடாவை உட்கார்ந்து கேட்டேன். திரையில் அவர் செய்யறதை மறந்துட்டு குரலை மட்டும் கேட்டேன். அப்பத்தான் காது திறந்தது. கோணங்கித்தனம் எல்லாம் உடம்புல இருக்கு, உச்சரிப்புல கொஞ்சம் இருக்கு. ஸ்வரத்துல துளி கூட இல்லை. சிரிப்புக்காக ஒரு ஸ்வரத்தைக்கூட அவர் விட்டுக் கொடுக்கலை. இன்னைக்குச் சிரிப்பு நடிகர் பாடினா, பாட்டு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் மன்னிச்சுடறோம். அவர் அந்த மன்னிப்பைக் கேட்கவே இல்லை.

நடிக்க இல்லாம, பாட மட்டும் அவரைக் கூப்பிட்டவங்களும் உண்டு. 1954ல ஏவி.எம். எடுத்த "பெண்" படத்துல "கல்யாணம் வேணும்" பாட்டு. திரையில பாடுறவர் எஸ். பாலசந்தர், பின்னாடி வீணையில உலகப் புகழ் அடைஞ்சவர். அவருக்குக் குரல் கொடுத்தது சந்திரபாபு. அப்பேர்ப்பட்ட இசை ஞானம் உள்ள ஆள் வாயசைக்கிற பாட்டு, சந்திரபாபு தொண்டையில இருந்து வருது. இதை உங்க அஞ்சு நிமிசத்துல கண்டிப்பாச் சொல்லுங்க.

இப்ப குரலை உடைக்கிற விஷயம். யோடலிங்னு பேர். நெஞ்சுல இருந்து வர்ற குரலுக்கும் மேலே இருக்கிற கள்ளத் தொண்டைக்கும் நடுவுல எல்லாருக்கும் ஒரு விரிசல் உண்டு. நம்ம சங்கீதப் பழக்கம் அந்த விரிசல் தெரியாம பூசி மெழுகறது. ஒரு ஸ்வரத்துல இருந்து இன்னொண்ணுக்கு வழுக்கிக்கிட்டுப் போவோம். அவர் விரிசலையே காட்டுவார். இங்கே இருந்து அங்கே ஒரே தாவல், நடுவுல பாலம் கிடையாது. அதே காலத்துல இந்தியில கிஷோர் குமார் செய்தார். தமிழ்ல அதைப் பாமரனும் கூடப் பாடற மாதிரி ஆக்கினது சந்திரபாபு.

பழகற விதம்: மெதுவா "ஆ"ன்னு ஒரு ஷட்ஜம், அதாவது "ஸ" பிடிங்க. சத்தத்தைக் கூட்டாம, தொண்டையை இறுக்காம, விக்கல் வந்த மாதிரி மேலே "ப"வுக்கு, பஞ்சமத்துக்குத் தாவுங்க. வழுக்கினா அது தப்பு. கடற்கரையில வலை இழுக்கறவங்க தூரத்துல இருக்கிற ஆளைக் கூப்பிடறப்போ குரல் கடைசியில உடைஞ்சு மேலே போகும் பாருங்க, அதேதான். உங்க ஊர்ல அதுக்கு வாத்தியார் தேட வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்து நிமிசம் போதும், அதுக்கு மேல போனா தொண்டை கட்டிக்கும்.

சிந்தாதிரிப்பேட்டை எழுதியது:

பழைய மேடை ஐயா பாட்டைச் சொல்லிட்டார். நான் பேச்சைச் சொல்றேன். எங்க தாத்தா மெட்ராஸ்ல கை ரிக்‌ஷா இழுத்தவர். 1973ல அரசாங்கம் கை ரிக்‌ஷாவை ஒழிச்சு சைக்கிள் ரிக்‌ஷா கொடுக்குற வரைக்கும் அதுதான் பொழப்பு. அவர் வாழ்க்கையில திரும்பத் திரும்பப் பார்த்த படம் ஒண்ணே ஒண்ணு, பி.ஆர். பந்துலு எடுத்த "சபாஷ் மீனா", 1958. சிவாஜி படம்தான். ஆனா தாத்தா போனது சந்திரபாபுவுக்காக. அவருக்கு அதுல ரெட்டை வேஷம், ஒண்ணு ரிக்‌ஷாக்காரர்.

தாத்தா சொல்வார்: "நம்மள வச்சு சிரிக்கல கண்ணு, நம்ம மாதிரி பேசறான், அதான் சிரிப்பு வருது." எனக்கு அந்த வித்தியாசம் வளர்ந்த அப்புறம்தான் புரிஞ்சுது. மெட்ராஸ் பாஷையை நிறைய படத்துல கேட்டிருக்கேன். பல இடத்துல அதைப் பேசுறவன் திருடனாவோ முட்டாளாவோ இருப்பான், எனக்கு முகம் சுருங்கிப் போகும். அவர் பேசுறப்போ அப்படி ஆகலை. இத்தனைக்கும் அவர் பொறந்தது உங்க தூத்துக்குடி. அப்பா சுதந்திரப் போராட்டத்துல இருந்தவர், அதனால சின்ன வயசு கொழும்புல போச்சு. திருவல்லிக்கேணிக்கு வந்தப்போ பதினாறு வயசு வாக்குல இருக்கும். அந்தப் பாஷை அவருக்குத் தாய்ப்பால்ல வந்தது இல்லை. தெருவுல நின்னு காதால புடிச்சது. ஒரு ஊரை அவ்வளவு கவனிச்சுக் கேட்டிருக்கார்னா, அந்த ஊர் மேல மரியாதை இல்லாம முடியுமா?

உங்க பேச்சுல ரிக்‌ஷாக்காரங்க பேத்தி ஒருத்தி நன்றி சொன்னான்னு சேர்த்துக்கோங்க.

ரேடியோப்பெட்டி எழுதியது:

எல்லாரும் சோகத்தை விலக்கச் சொல்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. "புத்தியுள்ள மனிதரெல்லாம்" பாட்டை அவர் வாழ்க்கை தெரியாமல் கேட்டால் பாதிதான் கிடைக்கும். கடைசி வருடங்களில் அவர் பட்டது அத்தனையும் அந்தக் குரலில் இருக்கிறது. "பிறக்கும் போதும் அழுகின்றாய்" பாட்டும் அப்படித்தான். அதை மறைத்துவிட்டுப் பேசுவது அந்த மனிதருக்குச் செய்யும் நியாயமா?

பழைய மேடை எழுதியது:

ரேடியோப்பெட்டி ஐயா, உங்க அன்பு புரியுது. ஆனா வருஷத்தைப் பாருங்க. "பிறக்கும் போதும் அழுகின்றாய்" வந்தது "கவலை இல்லாத மனிதன்" படத்துல, 1960. "புத்தியுள்ள மனிதரெல்லாம்" வந்தது "அன்னை"யில, 1962. ரெண்டும் கண்ணதாசன் எழுதினது, கதையில வர்ற ஒரு கட்டத்துக்காக. அப்ப சந்திரபாபு எங்கே இருந்தார்? உச்சத்துல. "சகோதரி" 1959ல வந்தது. எடுத்து முடிச்ச படத்துல ஏதோ குறையுதுன்னு ஏவி.எம்.ல அவரைக் கூப்பிட்டு, பால்காரர் வேஷத்துல தனி நகைச்சுவைப் பகுதி எடுத்துச் சேர்த்தாங்க. அந்தப் பகுதிதான் படத்தைத் தூக்கி நிறுத்துச்சு. ஒரு நடிகருக்கு அதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கு? சொந்தப் படம் ஆரம்பிச்சுக் கடன்பட்டது அதுக்கெல்லாம் பிறகு.

மனசுல காயமே இல்லைன்னு நான் சொல்லலை, கல்யாணம் முறிஞ்ச வலி அப்பவே இருந்தது. ஆனா அந்தப் பாட்டை அவர் வாழ்க்கை பாடலை, அவர் பாடினார். அது வித்தை. எங்கே குரலை அடக்கணும், எங்கே வார்த்தையைப் பேசற மாதிரி விடணும், எங்கே மூச்சு கேட்கணும்னு யோசிச்சுச் செஞ்ச வேலை. அதைக் "கஷ்டப்பட்டார், அதான் அப்படிப் பாடினார்"னு சொன்னா அவர் உழைப்பைப் பிடுங்கி விதிகிட்ட கொடுத்த மாதிரி ஆயிடும். நான் முப்பது வருஷம் அதே பாட்டைப் பாடிப் பார்த்தவன். எனக்கும் கஷ்டம் இருந்தது ஐயா, அந்தக் குரல் வரலையே.

தம்பி, அந்தப் பாட்டை அழுது பாடாதீங்க. அவர் அழலை. தோள்ல கை போட்டுக்கிட்டு ஒரு சிநேகிதன் சொல்ற தொனி அது. வேகத்தையும் குறைக்காதீங்க, இப்போ பல பேர் உருக்கமாப் பாடறதா நினைச்சு இழுத்துடறாங்க. "குங்குமப் பூவே"ல மெட்டு சுப்பையா நாயுடு, வரிகள் கு.மா. பாலசுப்ரமணியம். "சிங்கார வேலனே" எழுதின அதே கைதான். அதுல மெல்லின எழுத்தெல்லாம் மூக்குல நல்லா ஒலிக்கணும். "குங்கும"வுல வர்ற "ங்"கை அவர் எப்படி ஒரு மணி அடிச்ச மாதிரி விடறார்னு பத்துத் தடவை கேளுங்க.

ரேடியோப்பெட்டி எழுதியது:

வருடக் கணக்கை இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. இன்று இரவு இரண்டு பாட்டையும் மறுபடி கேட்கிறேன்.

கடலோரத்தான் எழுதியது:

ஐயா, அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒரு வாரமா சாயங்காலம் கடற்கரைக்குப் போய் தாவிப் பழகுதேன். பத்துக்கு மூணு தடவை வருது. முதல் நாள் எனக்கே கூச்சமா இருந்தது. வலை காயப்போட்டுட்டிருந்த ஒரு அண்ணாச்சி, "இப்படி இல்ல தம்பி"ன்னு அவரே ஒரு சத்தம் கொடுத்தார் பாருங்க, நீங்க சொன்ன விரிசல் எனக்கு அதுல கேட்டுச்சு.

பேச்சும் எழுதியாச்சு. பாலசந்தருக்குக் குரல் கொடுத்தது முதல்ல, ரிக்‌ஷாக்காரர் பேத்தி சொன்ன நன்றி ரெண்டாவது, அந்த ரெண்டு பாட்டோட வருசம் மூணாவது. விஷம் குடிச்ச கதை இல்லை.

நேத்து வீட்டு முற்றத்துல நானும் சித்தி மகளும் "குங்குமப் பூவே" முழுசாப் பாடினோம். ஆச்சி பாக்கு உரலைத் தள்ளி வச்சுட்டுக் கேட்டா. முடிஞ்சதும் எங்கிட்ட, "ஜமுனா ராணி பாடுத நேரம் நீ ஏன் மரம் மாதிரி நிக்க? அவன் நிக்க மாட்டாம்லா"ன்னு சொல்லிட்டு, உக்காந்த வாக்குலயே தோளைக் குலுக்கிக் காட்டினா. எண்பத்து மூணு வயசு. இன்னைக்குச் சாயங்காலம் அதைத்தான் பழகணும்.